கிளினிக் கல்லாவில் காசு குறையுதா? டாக்டர்கள் கவனிக்க வேண்டியவை என்ன?

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையாகட்டும், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பக்கமாகட்டும், பல சின்ன கிளினிக்குகளின் செட்டப் இதுதான்: உள்ளே டாக்டர், ரிசப்ஷனில் ஒரே ஒருவர். டோக்கன் போடுவது, பணம் வாங்குவது, பில் அடிப்பது, ராத்திரி கணக்கு ஒப்படைப்பது எல்லாம் அவர்தான். 'நம்ம பிள்ளைதானே' என்ற நம்பிக்கையில் யாரும் சரிபார்ப்பதில்லை. ஓட்டை விழுவது அங்கேதான்.

எப்படி நடக்கிறது?

நோயாளி 500 ரூபாய் கொடுப்பார். பில் கேட்க மாட்டார். அந்தப் பணம் கணக்கிலேயே ஏறாது. சில இடங்களில் முழுத் தொகையை வாங்கிவிட்டு, 'டிஸ்கவுன்ட்' என்று எழுதிவிடுவார்கள். "ஸ்கேனர் வேலை செய்யல, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பது புது ரூட்.

ஏன் நடக்கிறது?

அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து உருவான விளக்கம் இன்றும் பொருந்துகிறது. பணநெருக்கடி, வாய்ப்பு, 'இதுல என்ன தப்பு' என்ற சமாதானம் ஆகிய மூன்றும் சேரும்போது கை நீளும். இதில் டாக்டர் கையில் முழுசாக இருப்பது வாய்ப்பை அடைப்பது மட்டுமே.

என்ன செய்யலாம்?

* பணம் வாங்குபவர் ஒருவர், அன்றைய கணக்கைச் சரிபார்ப்பவர் இன்னொருவர். ஆள் இல்லையென்றால் டாக்டரே 10 நிமிடம் ஒதுக்கலாம்.
* டோக்கன் 22, பில் 19 என்றால், மீதி 3 பேர் எங்கே என்று அன்றைக்கே கேளுங்கள்.
* பல் கிளினிக்கா? லேபிலிருந்து வந்த கேப்களின் எண்ணிக்கையை, பில் போட்ட கேப்களோடு ஒப்பிடுங்கள்.
* க்யூஆர் கோடு கிளினிக் வங்கிக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். பணம் வந்ததைச் சொல்லும் மெசேஜ் டாக்டர் போனுக்கும் வரட்டும்.
* தள்ளுபடிக்கும், பில் ரத்துக்கும் டாக்டர் ஓகே கட்டாயம்.
* லீவே எடுக்காத ஊழியருக்கும் வருடத்தில் சில நாள் லீவு கொடுத்து, அந்த வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு, முதலாளி வசம் உள்ள பொருளை ஊழியர் திருடுவதைப் பற்றியது. ஒப்படைத்த பணத்தைக் கையாடினால் 316(4). இரண்டிலும் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் உண்டு.

அதற்காக, சந்தேகப்பட்டவரை ரூமில் பூட்டி விசாரிக்கக் கூடாது. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது 127-வது பிரிவின்படி டாக்டர் மேலேயே வழக்காகும். பில், டோக்கன் நோட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தி, போலீஸில் புகார் கொடுப்பதே சரி.

நோயாளிக்கும் பங்கு உண்டு

பணம் கொடுத்தால் பில் கேளுங்கள். ஜிபே பண்ணும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள்.

இந்தச் செக்கிங் எல்லாம் ஊழியரை அவமானப்படுத்தவா? இல்லை. கணக்கு இல்லாத கிளினிக்கில் 1,000 ரூபாய் காணாமல் போனால், முதல் சந்தேகம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும். எடுக்காதவர் அதை நிரூபிக்கவும் ஒரு கணக்கு வேண்டுமே!