தோற்பதற்கு ஒரு திட்டம்

2015 டிசம்பர் 1. பிலடெல்பியா அரங்கம் நிரம்பி வழிந்தது. ஓய்வு பெறவிருந்த கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரயன்ட், பிறந்த ஊரில் கடைசியாக ஆடுவதைக் காண வந்த கூட்டம். ஆனால் அன்று ஜெயித்தது உள்ளூர் அணி. பிரயன்டின் லேக்கர்ஸை 103-91 என்று வீழ்த்தியது செவன்டிசிக்ஸர்ஸ். சீசனின் முதல் 18 ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணிக்கு அதுதான் முதல் வெற்றி. முந்தைய சீசனின் கடைசி 10 ஆட்டங்களையும் சேர்த்தால், தொடர்ந்து 28 தோல்விகள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சீசன் முடிவில் கணக்கு: 10 வெற்றி, 72 தோல்வி. 1972-73இல் இதே அணி 9 ஆட்டங்களில் மட்டும் வென்று 73இல் தோற்றிருந்தது. அந்த அவப்பெயர் மீண்டும் வராமல் ஒரே ஒரு வெற்றியில் தப்பியது.

ஆனால் இம்முறை நடந்தது விபத்தல்ல. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மோசமாக ஆடிய அணிகளுக்கே முன்னுரிமை. முதல் இடம் குலுக்கலில் முடிவாகும். கடைசி இடத்து அணிக்கு அப்போது 25 சதவீத வாய்ப்பு இருந்தது. நலிந்தவர் எழுந்து நிற்க உதவும் ஏற்பாடு. 2013இல் பொது மேலாளராக வந்த சாம் ஹின்கி இதையே வியூகமாக்கினார். ஆல் ஸ்டார் ஆட்டக்காரர் ஜூரூ ஹாலிடேயை உடனே விற்றார். பதிலுக்கு ஓர் இளைஞரையும் எதிர்காலத் தேர்வு உரிமையையும் வாங்கினார். நடுத்தர அணியாகக் காலம் தள்ளுவதைவிடச் சில ஆண்டுகள் அதலபாதாளத்தில் கிடப்பது மேல் என்பது அவர் கணக்கு.

திட்டம் மாடியில், அடி வாங்கியது களத்தில். பயிற்சியாளர் பிரெட் பிரவுனின் முதல் மூன்று சீசன்களில் 47 வெற்றி, 199 தோல்வி. 2016 ஏப்ரலில் 13 பக்கக் கடிதம் எழுதிவிட்டு ஹின்கி விலகினார். இரண்டே மாதத்தில் முதல் தேர்வு உரிமை அணிக்குக் கிடைத்தது. பென் சிம்மன்ஸ் வந்தார். ஹின்கி 2014இல் தேர்ந்தெடுத்த ஜோயல் எம்பீட், காயத்தால் இரண்டு சீசன்களை இழந்தும், 2023இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரரானார்.

அப்படியானால் திட்டம் பலித்ததா? 2018 முதல் 2024 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பிளே ஆஃப். ஒருமுறைகூட இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2024-25இல் மீண்டும் 58 தோல்விகள். லீகும் விழித்துக்கொண்டு, 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீத வாய்ப்பு என்று மாற்றியது. தோல்விக்கான பரிசு குறைந்தது, ஒழியவில்லை.

பொறுமையாக இருங்கள் என்று ரசிகர்களுக்குச் சொல்லப்பட்டது. இருந்தார்கள். பிலடெல்பியாவுக்குக் கோப்பை கடைசியாக வந்தது 1983இல். 2025 வரை மீண்டும் வரவில்லை.