காவிரியின் பெரிய மீனும் சரணாலயச் சட்டமும்

அரண்மனைக்காரர்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த குடும்பம் என்று வான் இங்கன் குடும்பத்தை மைசூரின் பழைய ஆட்கள் அறிவார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி வெட் வான் இங்கன், 1946 மார்ச் 22 அன்று கபினி ஆற்றில் தூண்டில் போட்டு ஒரு மகசீர் மீனைக் கரையேற்றினார். எடை 120 ராத்தல். கிலோவில் 54க்குச் சற்று மேல். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறியவர்களுக்கு இந்த எடை சட்டென்று விளங்கும். தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் மிகப் பெரியது என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

கபினி, நஞ்சன்கூட்டைத் தொட்டுக்கொண்டு வந்து, திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியில் கலக்கிறது. பின்பு சிவசமுத்திரத்தில் விழுந்து, மலை இடுக்குகளில் புகுந்து, மேகதாட்டு தாண்டி, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் சேர்கிறது. இந்த ஆற்றுக்கென்றே உரிய மீன் திமில் மகசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. முதுகில் காளையின் திமிலைப் போல ஒரு மேடு, உள்ளங்கையளவு செதிள்கள், ஆரஞ்சு நிறத் துடுப்புகள். உலகில் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இது இயற்கையாக இல்லை.

இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பது இன்று காவிரியின் சரணாலயப் பகுதியில் குற்றம். அப்படியானால் மீன் பெருகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

ராகிக் களியும் பரிசலும்

கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் எழுந்த பிறகு, காவிரியில் வெள்ளம் வரும் காலமும் அளவும் மாறிப்போயின. போதாக்குறைக்கு, ஆற்றில் வேட்டுப் போட்டு மீனை மிதக்க வைக்கும் பழக்கம் பரவியது. ஒரு வேட்டு வெடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் சாகும். முக்கால்வாசி அடியில் போய் யாருக்கும் உதவாமல் அழுகும். பெரிய மகசீர் அழிந்தே போயிற்று என்று வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். 1977-78இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு, காவிரியில் பெரிய மீன்கள் இன்னும் இருப்பதைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சிவசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் இடையே பீமேஸ்வரி, தொட்டமக்களி, காளிபோரே ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. மீனுக்கு இரை என்ன தெரியுமா? ராகிக் களி! ராகி மாவைப் பிசைந்து, உருட்டி, வேகவைத்துக் கொக்கியில் செருகுவார்கள். சீமையிலிருந்து வந்தவர் விலையுயர்ந்த தூண்டிலோடு பரிசலில் உட்கார்ந்திருப்பார். மீன் எந்தப் பாறை இடுக்கில் நிற்கும், எப்போது இழுக்கும், எப்போது விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதைப் பக்கத்துக் கிராமத்து வழிகாட்டி சொல்ல, அவர் கேட்பார். அந்த வழிகாட்டிகளில் சிலர் முன்பு வேட்டுப் போட்டவர்கள். ஆற்றை அவர்களைவிட அறிந்தவர் யார்? கூலி நிலையாகக் கிடைத்ததும் அவர்களே காவலர்களும் ஆனார்கள்.

முகாமின் சட்டம் ஒன்றே ஒன்று. பிடித்த மீனை எடை பார், படம் எடு, திரும்ப ஆற்றில் விடு. கொண்டுபோகக் கூடாது. இன்னார், இன்ன தேதி, இத்தனை மணி நேரம், இத்தனை மீன், இன்ன எடை என்று நோட்டில் எழுதியும் வைத்தார்கள். சாதாரணமாக எழுதிய அந்த நோட்டு பின்னால் எவ்வளவு பெரிய சாட்சியாகப் போகிறது என்பது அன்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சட்டம் சொல்வது

ஆற்று மீனுக்குச் சட்டம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வேட்டும் விஷமும் கூடாது என்றது. மீறினால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்நாளில் 200 ரூபாய் சின்னத் தொகையல்ல. உள்நாட்டு மீன்வளத்துக்கென்று கர்நாடகம் 1996இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கதை வேறு. அது 'வன உயிர்' என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே, தேனீ, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றோடு மீனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. 2002இல் அந்த விளக்கத்தைத் திருத்தியபோது 'எந்த விலங்கும்' என்று பொதுவாக்கினார்கள். 1987இல் காவிரியின் இந்தப் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கரையில் நிற்கும் யானைக்கு உள்ள காப்பு, தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கும் உண்டு. பிடித்து விடுவதும் பிடிப்பதுதானே என்ற கேள்வி எழுந்தது. பிடித்துத்தான் என்று முடிவாயிற்று. 2012க்குள் முகாம்களில் தூண்டில் நின்றது.

எழுத்தின்படி பார்த்தால் இதில் குறை சொல்ல இடமில்லை. மானைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் சரணாலயத்துக்குள் வலையோடு வந்தால் அனுமதிப்பார்களா? ஆனால் வேட்டுப் போடுகிறவன் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆற்றுக்கு வருவதில்லை. தூண்டில்காரர் போனார், வழிகாட்டியின் கூலி போயிற்று, நோட்டும் மூடப்பட்டது.

துடுப்பைப் பார்த்துச் சொல்லும் நாடு

இங்கே ஒரு சிறு பயணம். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, முதுமலை வழியாக உதகைக்குப் பஸ் ஏறினால் இன்னொரு விருந்தாளி மீனின் ஊருக்குப் போகலாம். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனை வளர்க்க வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்றார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வானவில் டிரௌட் அங்கே வேர்பிடித்தது. அவலாஞ்சியில் தமிழக மீன்வளத் துறையின் டிரௌட் பண்ணை இருக்கிறது.

இந்த வானவில் டிரௌட்டுக்குச் சொந்த ஊர் பசிபிக் கடலோரம். அங்கே இதே மீன் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வந்தால் அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் இதையும் சால்மனையும் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். எந்த ஆறு, எந்த மாதம், நாளைக்கு எத்தனை என்றெல்லாம் கணக்கு உண்டு. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது துடுப்பு விதி. பண்ணையில் வளர்த்து விடும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு, வாலுக்கு முன்னால் முதுகில் உள்ள சிறு சதைத் துடுப்பை வெட்டி அடையாளம் செய்கிறார்கள். தூண்டிலில் வந்த மீனுக்கு அந்தத் துடுப்பு இல்லையா, பல ஆறுகளில் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றில் பிறந்தது. திரும்ப விட வேண்டும். படிப்பறியாதவனும் கையால் தடவிப் பார்த்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆற்றில் பிறந்தது எது, பண்ணையில் பிறந்தது எது என்ற இந்தக் கேள்வியைக் காவிரியில் யாரும் கேட்கவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஆரஞ்சும் நீலமும்

மகசீர் குறைகிறது என்ற நல்ல கவலையில் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் டாட்டா மின்சார நிறுவனத்தார் மகசீர் வளர்ப்பில் பெயர் எடுத்தவர்கள்; அங்கே பெருக்கிய குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. ஆனால் அது நீலத் துடுப்பு மகசீர், கிருஷ்ணா படுகையின் மீன். குஞ்சாக இருக்கும்போது இரண்டும் மகசீர்தானே என்று தோன்றும். ஒரே பெயர் இருந்தால் ஒரே குடும்பம் என்று ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டதைப் போல ஆயிற்று.

காளிபோரே முகாமின் நோட்டுகள் 1998 முதல் 2012 வரை இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் புரட்டிக் கணக்குப் போட்டு 2015இல் வெளியிட்டார்கள். நீலத் துடுப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. ஆரஞ்சுத் துடுப்போ இறங்கிக்கொண்டே போயிருந்தது. மொத்தத்தில் மீன் நிறைய வருகிறது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஆற்றின் சொந்தப் பிள்ளை காணாமல் போய்க்கொண்டிருந்தது. தூண்டில்காரர்கள் எழுதிய நோட்டு இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை, இவ்வளவு பேர் போன மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே அதுவரை தீரவில்லை. பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் 2018இல் அதைத் தீர்த்தார்கள். கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே கண்டெடுத்துப் பெயரிட்டிருந்த டார் ரேமாதேவியே காவிரியின் திமில் மகசீர் என்று நிறுவினார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த கே. ரேமாதேவியின் நினைவாக வைத்த பெயர் அது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அபாய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஆய்வுக்கு மீன் கிடைத்தது காவிரியின் நடுவில் அல்ல. நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மாயாற்றில்.

தூண்டில் முகாம்களைத் திறப்பதா வேண்டாமா என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் மீனை எண்ணுவதை ஏன் நிறுத்த வேண்டும்? பழைய வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்தி, வன இலாகாவின் மேற்பார்வையிலேயே ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்கலாம். அதற்குச் சட்டத்தில் அனுமதி பெற வழி உண்டு.

ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்

மைசூரில் ஒர்க்‌ஷாப்பிலும் ஆபீசிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் மூங்கில் கழியோடு ஆற்றுப் பக்கம் போகும் நம்மவர்கள் உண்டு. அவர்களுக்குச் சில செய்திகள். ரங்கனதிட்டு பறவைகளுக்கு மட்டும் சரணாலயம் அல்ல. அங்கே தண்ணீரில் தூண்டில் போடுவதும் குற்றம்தான். பீமேஸ்வரி, காளிபோரே பக்கமும் அப்படியே. கோயில் துறைகளில் பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்கள் மேல் கை வைக்கவே கூடாது. ஏரிகளிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் விரட்டினால் சண்டைக்குப் போவதில் பயனில்லை. மற்ற இடங்களில் லைசென்ஸ் வேண்டுமா என்பதை மைசூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. மொழி தெரியவில்லை என்பது அபராதத்திலிருந்து தப்பிக்கக் காரணமாகாது.

அனுமதி உள்ள இடத்தில், ஆரஞ்சுத் துடுப்பும் முதுகில் மேடும் உள்ள மீன் வந்துவிட்டால், உலர்ந்த கையால் தொடக் கூடாது. மேலே உள்ள வழவழப்பு போய்விடும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்ற வேண்டும். தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கும்படி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தால், செவுள் நன்றாக அசையத் தொடங்கும். வால் ஒரு தள்ளுத் தள்ளும்போது கையை எடுத்துவிடலாம்.