அண்ணி தேர்தலில் நின்ற கதை

"பஞ்சாயத்துத் தேர்தலா? அது ஆம்பிளைங்க சமாசாரம். போனோமா, ஓட்டுப் போட்டோமா, வந்து உலையை வைத்தோமா என்று இருக்கவேண்டியதுதான்!" இப்படிச் சொல்கிற சகோதரிகளில் நானும் ஒருத்தியாகத்தான் இருந்தேன். என் அண்ணி தேர்தலில் நின்ற பிறகுதான் புத்தி வந்தது. நாம் தினமும் பிடிக்கிற தண்ணீர், ராத்திரி எரிகிற தெருவிளக்கு, வாசலில் ஓடுகிற சாக்கடை எல்லாமே அந்த 'ஆம்பிளைங்க சமாசார'த்தில்தான் அடங்கியிருக்கிறது.

என் பிறந்த வீடு முசிறிப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள் அல்லவா? எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அண்ணனுக்கு ரொம்ப நாளாகவே அந்த நாற்காலி மேல் ஆசை. "சரி, உங்க அண்ணியை நிறுத்திடறேன். பேருக்கு அவ, வேலைக்கு நான்" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. "அண்ணி பாவம், கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுங்க" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணி எட்டாவது வரை படித்தவர். மாடு, கன்று, அடுப்படி, மாமியார் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. 600 ரூபாய் டெபாசிட் கட்டி வேட்பு மனு கொடுத்தாயிற்று. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, அது இது என்று வீட்டுச் சாமான்களாகவே சின்னம் கொடுப்பார்கள். அண்ணிக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான். கூடமாட ஒத்தாசைக்கு என்று நான் பத்து நாள் போய் இருந்தேன்.

முதல் நாள் அண்ணன் முன்னே நடக்க, அண்ணி பின்னால் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பேச்செல்லாம் அண்ணனுடையது. மேலத் தெரு, நடுத் தெரு எல்லாம் இப்படியே முடிந்தது. ஊர்க் கோடியில் இருக்கிற குடியிருப்புக்கு வந்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் இளம் தாய் ஒருத்தி, இரண்டு வயதுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், உதடு காய்ந்து கிடந்தது. அண்ணன் வழக்கம்போல் ஆரம்பித்தார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்து, "ஏங்க்கா, உங்க வீட்ல போர் இருக்கு. எங்க குழாத் தண்ணியை ஒரு நாளாவது குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொடும்மா, குடிக்கிறேன்" என்றார். சொம்பில் வந்த தண்ணீர் லேசாகக் கலங்கல். வாயருகே கொண்டுபோனதும் சாக்கடை வாடை. அண்ணி ஒரு வாய் குடித்தே விட்டார். நான் தடுக்கக்கூட நேரமில்லை. பிறகு பேச்சே இல்லை. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அன்று பிரசாரம் அதோடு சரி. அண்ணனுக்கு ஒரே கோபம்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாதான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "தொட்டியில மருந்து போட்டா மட்டும் போதாதுங்க. குழாய் சாக்கடைக்குள்ள போகுது. தண்ணி விடறப்போ குழாய்லேர்ந்து வெளியே கசியும். நிறுத்தினதும் குழாய் காலியாகி, சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்துல அதுதான் வரும்" என்றார். இத்தனை வருஷம் குடம் பிடித்தவள் நான், இது எனக்குத் தெரியாதே!

அன்று ராத்திரி அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அண்ணன் வேண்டாம், நாங்கள் இருவர் மட்டும் போனோம். "ஓட்டுப் போடுங்க" என்று கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆண்கள் ரோடு, கோயில் என்றார்கள். பெண்கள் தண்ணீர், விளக்கு, சாக்கடை, ரேஷன் கடை தூரம், அங்கன்வாடிக் கூரை ஒழுகல் என்றார்கள். ஒரு பாட்டி, "விளக்கு எரியாததால பொழுது சாஞ்சா பொண்ணுங்க ஒதுங்கப் போறதுக்கே பயப்படுதுங்க" என்று காதோடு சொன்னார்.

அண்ணி செய்த ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. நோட்டில் நடுவே கோடு போட்டார். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெரு ரோடு, குப்பை ஆகியவை ஊராட்சியே செய்யக்கூடியவை. இவை ஒரு பக்கம். ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி போன்றவை மேலே எழுதிக் கேட்கவேண்டியவை. இவை மறு பக்கம். "முதல் பக்கத்துக்கு நான் பொறுப்பு. ரெண்டாம் பக்கத்துக்கு எழுதிப் போட்டு நடையா நடக்கறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று வீடு வீடாகச் சொன்னார். "இப்படியா ஓட்டுக் கேட்பாங்க?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓட்டுப் பதிவன்று நாலு நிறத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு. 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணினார்கள். அண்ணி 61 ஓட்டில் ஜெயித்தார். ஊர்க் கோடி ஓட்டெல்லாம் அண்ணிக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

ஜனவரி 6ஆம் தேதி பதவிப் பிரமாணம். அது முடிந்து ஆபீசுக்குள் போனால், தலைவர் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்! சுற்றிலும் நாலைந்து பேர், மாலை, காபி. அண்ணி வாசலிலேயே நின்றார். பிறகு மெதுவாக, "கொஞ்சம் எழுந்திருங்க. எனக்கு உட்கார்ந்தாத்தான் எழுத வரும்" என்றார். சத்தமே இல்லை. அண்ணன் எழுந்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் அண்ணியோடு பேசவில்லை. தனக்கே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! அண்ணி என்னிடம் போனில் அழுதார். "விட்டுடலாமா?" என்று கேட்டார். "அந்தச் சொம்புத் தண்ணியை நெனச்சுப் பாருங்க அண்ணி" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தொட்டி மேல் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னால், மூடி இல்லை. உள்ளே ஒரு சாண் சேறு. கழுவிய தேதி மட்டும் வெளியே பெயிண்டில் ஒழுங்காக எழுதியிருந்தது! தொட்டியைக் கழுவி, மூடி போட்டு, குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். கடைசிக் குழாயில் வரும் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டுமாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகிறது. அதை வைத்துப் பார்த்துவிடலாம். ஊர்க் கோடிக் குழாயில் தினமும் அதைப் பார்க்கிற வேலையை அண்ணி அந்த இளம் தாயிடமே ஒப்படைத்தார்.

சாக்கடைக்குள் போன குழாயை மாற்றுவதுதான் பெரிய பாடு. ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும். துணைத் தலைவரோ எதிர் அணி. ஆறு மாதம் இழுத்தடித்தார். நடுவில் கொரோனா வந்து கிராமசபைக் கூட்டங்களும் நின்று போயின. கூட்டம் மறுபடி நடந்தபோது ஊர்க் கோடிப் பெண்கள் குடத்தோடு வந்து உட்கார்ந்து, தீர்மானம் எழுதச் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டதும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டார். 2021 கடைசியில் குழாய் மாறியது. விளக்குகள் அதற்கு முன்பே எரிய ஆரம்பித்துவிட்டன.

எல்லாம் நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். சாக்கடை பாதி தூரத்தோடு நின்றுவிட்டது. ரேஷன் கடைக்கு அண்ணி எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு கட்டு வரும். கடை வரவே இல்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக் காலம் முடிந்தபோது, அந்த நாற்பது பக்க நோட்டை ஊர்க் கோடியில் எல்லோர் முன்னாலும் வாசித்து, ஆனது எது, ஆகாதது எது என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி வீட்டுக்கு வந்தார். அன்று அண்ணன் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சகோதரிகளே, இதெல்லாம் அண்ணியின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. சட்டம் வழிவிட்டிருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016இல் அதைச் சரிபாதி ஆக்கினார்கள். நம் மாநிலத்தில் கிராம ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பாதி நாற்காலி நமக்கு! அதில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மனது வைத்தால் ஊராட்சி எவ்வளவு செய்யலாம் என்பதற்கு கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. அங்கே 1996 முதல் பத்து வருஷம் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். கடன் வாங்கி, ஊராட்சிக்கென்றே 350 கிலோவாட் காற்றாலை ஒன்று 2006இல் அமைத்தார்கள். தண்ணீர் மோட்டாருக்கும் விளக்குக்கும் போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள்.

அடுத்த முறை யாராவது வாசலில் வந்து கும்பிட்டால், இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? யார் பார்த்தார்கள்?

2. குழாய் எங்காவது சாக்கடைக்குள் போகிறதா?

3. நீங்கள் சொல்வதில் ஊராட்சியே செய்யக்கூடியது எது? மேலே கேட்கவேண்டியது எது?

4. பெண் வேட்பாளர் என்றால், ஜெயித்த பிறகு நாற்காலியில் நீங்களே உட்காருவீர்களா?

5. கிராமசபையில் வரவு செலவை வாசிப்பீர்களா? (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் பிறகு சேர்ந்திருக்கின்றன. நாமும் போய் உட்காரவேண்டும்!)

இளம் தாய்மார்களுக்கு நர்ஸம்மா சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு அளவு கூடிவிடக் கூடாது. கண் உள்ளே போனாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தத் திண்ணைக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன தடவை ஊருக்குப் போனபோது அவன் அம்மா எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குழாய்த் தண்ணீர்தான். தெளிவாக இருந்தது. முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.