மலைநாட்டு மக்களுள் ஒருவராய்…

ஆண்டுதோறும் அக்டோபர் திங்களில் மறைபரப்பு ஞாயிறு வருகின்றது. அன்று நம் பங்குக் கோவில்களில் தொலைநாடுகளில் உழைக்கும் குருக்களுக்காகவும் கன்னியருக்காகவும் செபிக்கின்றோம். நம்மால் இயன்ற காணிக்கையையும் அளிக்கின்றோம். மறைபோதகர் என்ற சொல்லைக் கேட்டதும் அடர்ந்த காடும், கொடிய விலங்கும், நோயும் மரணமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அவர் காலையில் எழுந்து என்ன உண்கின்றார், அண்டை வீட்டாரிடம் எந்தச் சொற்களால் நலம் விசாரிக்கின்றார், குளிருக்கு எதைப் போர்த்திக் கொள்கின்றார் என்று நாம் எண்ணுவதில்லை. உண்மையில் மறைபோதகரின் முதற் சோதனை காட்டில் இல்லை. அடுக்களையிலும், திண்ணையிலும், தம் சொந்த நாவின் நுனியிலும் இருக்கின்றது. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த முத்திப்பேறு பெற்ற யோசேப்பு ஜெரார் அடிகளின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

திரும்பாத பயணம்

பிரான்சு நாட்டில் நான்சி நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில், 1831ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பிறந்தவர் ஜெரார். அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெறுமுன்னரே, 1853இல் கப்பலேறினார். பெற்றோரையும் பிறந்த மண்ணையும் அதன்பின் அவர் காணவே இல்லை.

இச்சபை நம்மவருக்குப் புதியதன்று. ஜெரார் கப்பலேறுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1847இல், இதே சபையின் குருக்கள் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். அவர்கள் எவ்வாறு தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கற்று, நம் முன்னோரோடு பழகினரோ, அவ்வாறே அவர்தம் உடன்பிறப்புகள் ஆப்பிரிக்காவின் தென்முனையிலும் கற்றனர், பழகினர்.

வழியில் மொரீசியசுத் தீவில் ஜெரார் சில காலம் தங்க நேர்ந்தது. அங்கே விடுதலை பெற்ற அடிமைகளிடையே எளிய குடிசையில் வாழ்ந்து, அவர்கள் பேசிய மொழியிலேயே மறைக்கல்வி புகட்டிய லவால் அடிகளை அவர் சந்தித்தார். மருத்துவராயிருந்து குருவான இப்பெரியார் 1979இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். புத்தகத்தில் கிட்டாத பாடமொன்றை இளைஞர் ஜெரார் அவரிடம் நேரில் கண்டிருப்பார் அன்றோ!

விளையாத வயல்

1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேட்டால் நாட்டில் கரையிறங்கிய ஜெரார், பிப்ரவரி 19ஆம் நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் ஆயர் அல்லார் ஆண்டகையின் திருக்கரங்களால் குருப்பட்டம் பெற்றார். ஜூலு மக்களிடையே பணியாற்ற அனுப்பப்பட்டார். புனித மிக்கேல் என்னும் பெயரால் ஒரு மறைத்தளம் தோன்றியது. ஜெரார் ஜூலு மொழியைக் கருத்தூன்றிக் கற்றார். குடிசை குடிசையாகச் சென்றார். ஆயினும், ஆண்டுகள் பல கடந்த பின்னரும் மனந்திரும்பியோரை விரல்விட்டு எண்ணவும் வழியில்லை. பலதார மணம் வேரூன்றிய சமுதாயம் அது. வெள்ளையர் தம் நிலங்களைப் பறித்துவரும் வேளையில், வெள்ளைத்தோல் குரு ஒருவரை அம்மக்கள் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பும் இல்லை.

சபையின் நிறுவுநரும் மார்சேய் ஆயருமான யூஜின் தெ மாசனோ இதனால் பெரிதும் கவலையுற்றார். எனினும், 1860இல் ஜெராருக்கு எழுதிய மடலில் மனந்தளராதிருக்குமாறு தந்தைக்குரிய பாசத்தோடு தேற்றினார். 1995இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவ்வாயர், தாம் நட்ட பயிரின் பலனைக் காணாமலே 1861இல் இறையடி சேர்ந்தார்.

அப்படியானால் அந்த ஆண்டுகளெல்லாம் வீணோ? உழவர் மகனாகிய ஜெராரின் உள்ளத்தை இக்கேள்வி வாட்டாமல் இருந்திருக்காது. விடை மலைகளுக்கு அப்பால் காத்திருந்தது.

மலைமேல் ஒரு மன்னர்

நேட்டாலுக்கு மேற்கே, வானளாவிய மலைகளுக்கு அப்பால், பசோத்தோ என்னும் மக்களினத்தார் வாழ்ந்தனர். இன்று லெசோத்தோ என வழங்கும் நாடு அதுவே. போர்களாலும் பஞ்சத்தாலும் சிதறிய குலங்களை ஒன்றுசேர்த்து ஓர் இனமாக்கிய மன்னர் மொஷ்வேஷ்வே, தாபா போசியு என்னும் அரண்போன்ற குன்றின்மேலிருந்து ஆண்டுவந்தார். பிரெஞ்சுப் பிரிவினை சபையார் 1833 முதலே அவரது நாட்டில் பணியாற்றி வந்தனர். 1862இல் ஆயர் அல்லாரும் ஜெரார் அடிகளும் மன்னரைக் கண்டு, தம் பணிக்கு இடம் வேண்டினர். மன்னரும் இசைந்து, பள்ளத்தாக்கு ஒன்றில் நிலம் அளித்தார். ‘இயேசுவின் தாயின் ஊர்’ எனப் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். உரோமைச் சபையார் வாழும் இடம் என்பதால் நாளடைவில் அது ‘ரோமா’ என்றே வழங்கலாயிற்று.

இங்கேதான் நேட்டாலின் பலனற்ற ஆண்டுகள் பலன் தந்தன. ஜூலு மொழியும், பசோத்தோ மக்களின் செசோத்தோ மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றிற்காக ஆண்டுக்கணக்கில் வளைந்த நாவு, மற்றொன்றைப் பேச எளிதில் இசைந்தது. ஒருவரையும் மனந்திருப்பாத மொழிப்பயிற்சி என எண்ணப்பட்டது, மற்றொரு மக்களினத்தின் வாயிலைத் திறக்கும் திறவுகோலாயிற்று. இறைவனின் கணக்கேட்டில் வீண் என்னும் பத்தியே இல்லை போலும்!

களியும் கம்பளியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டருக்குக் கீழான நிலமே இல்லாத நாடு லெசோத்தோ. சூன், சூலை மாதங்களில் உயர்ந்த மலைகளில் பனி பெய்யும். டிசம்பரிலோ கோடை. கிறிஸ்து பிறப்பு விழாவைப் பனிக்காலத்தின் நடுவே கொண்டாடிப் பழகிய பிரெஞ்சுக்காரருக்கு, வயலில் பயிர் வளரும் மழைக்காலத்தில் பாலன் இயேசுவைக் குடிலில் வைக்க வேண்டியதாயிற்று. வசந்தகாலத்தின் விழாவாக அவர் அறிந்திருந்த உயிர்ப்புப் பெருவிழாவும் அங்கே இலையுதிர் காலத்தில் வந்தது. நாள்காட்டி முழுவதையும் உள்ளத்தில் திருப்பி எழுதிக்கொள்ளாமல் அங்கே வாழ இயலாது.

உணவும் அவ்வாறே. மக்காச்சோள மாவையோ சோள மாவையோ கொதிநீரில் கிண்டி எடுக்கும் ‘பாபா’ என்னும் களியும், ‘மொரோஹோ’ என்னும் கீரையுமே அம்மக்களின் அன்றாட உணவு. புளித்த சோளமாவில் காய்ச்சும் ‘மொத்தோஹோ’ என்னும் கூழும் உண்டு. கேழ்வரகுக் களியும் பழைய கூழும் அறிந்த நமக்கு இவை வியப்பளிப்பதில்லை. கோதுமை ரொட்டியில் வளர்ந்த ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மரங்கள் அரிதான மலைநாடு அது. ஆகவே மாட்டுத் தொழுவத்தில் இறுகிய சாணத்தைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி எரிக்கின்றனர். நம் வறட்டியின் மறுவடிவம் அது. கூரை வேய்ந்த வட்ட வடிவ வீடுகளின் தரையும் சுவரும் மண்ணும் சாணமும் கலந்து மெழுகப்படும். அச்சுவர்களில் பெண்கள் விரலால் வரையும் கோலங்களுக்கு ‘லித்தேமா’ என்று பெயர். வெளியே செல்கையில் ஆடவரும் பெண்டிரும் கம்பளி போர்த்திக் கொள்வர். மலைப்பாதையில் செல்லக் குதிரையே துணை. உயர்ந்த மலையூர்கள் சிலவற்றை அடைய இன்றும் அதுவே துணை.

ஜெராரும் உடன் வந்தவர்களும் தம் கைகளாலேயே வீடும் சிற்றாலயமும் கட்டினர். 1865இல் பொர்தோ நகரின் திருக்குடும்பக் கன்னியர் ரோமாவுக்கு வந்து, பெண்பிள்ளைகளின் கல்வியை ஏற்றனர். மூன்றாண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த அதே சபைக் கன்னியரே அவர்கள். இளம்பெண்கள் தம் தாயாரை விட்டு வந்து, அறியாத மொழி பேசும் சிறுமியருக்குத் தாயராயினர்.

நாவுக்கு வந்த சோதனை

குளிரையும் களியையும் பொறுத்துக்கொள்ளலாம், மொழி அப்படியன்று. மாட்டை விரட்டும் வண்டிக்காரர் நாவை மேலண்ணத்தில் ஒட்டிச் ‘சொடக்’கென்று எழுப்பும் ஒலியை நாம் அறிவோம். நமக்கு அது வெறும் ஓசை. ஜூலுவிலும் செசோத்தோவிலுமோ அத்தகைய ஒலிகள் சொற்களின் எழுத்துகளாகவே நிற்கின்றன. அறிவிற் சிறந்த குருவும் அம்மொழியின் முன் மழலையாகின்றார். சிறுவர் நகைப்பர், அவரும் உடன் நகைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சொல்லைவிட அரியது வழக்கம். அங்கே எவரையும் கண்டதும் செய்தியைத் தொடங்குதல் நாகரிகமன்று. ‘லுமேலா, ந்தாதே’ என ஆண்மகனையும், ‘லுமேலா, ம்மே’ எனப் பெண்மணியையும் வாழ்த்தி, ‘எப்படி வாழ்கின்றீர்?’ என வினவி, அவர் நலம் கூறிய பின்னரே அலுவல். ந்தாதே என்றால் தந்தை. ம்மே என்றால் தாய். நாம் முன்பின் அறியாதவரையும் ஐயா என்றும் அம்மா என்றும் அழைப்பதுபோல, அவர்களும் மூத்தோர் எவரையும் அவ்வாறே அழைப்பர். குருவைத் தந்தை என்றழைக்கும் அதே சொல், ஆடு மேய்க்கும் முதியவருக்கும் உரியது. இதை உணரும் மறைபோதகர், தமக்குக் கிடைப்பது தனி மரியாதையன்று, அந்த ஊரில் ஓர் இடம் என்பதை உணர்ந்துகொள்கின்றார். மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகின்றனர் என்பது அம்மக்களின் பழமொழி.

வாசல்தோறும்

ஜெரார் அடிகளின் பணிமுறையில் புதுமை ஏதும் இல்லை. நோயுற்றோரைத் தேடிச் செல்வார். கத்தோலிக்கரா, அல்லரா என்று பாராமல் செல்வார். 1865இல் ஆரஞ்சு சுதந்திர நாட்டுப் படையினர் பசோத்தோ மக்கள்மீது போர் தொடுத்தபோதும் அவர்களை விட்டு நீங்கவில்லை. ‘எங்களோடு துன்புற்றவர்’ என ஒருவரைப் பற்றி மக்கள் நினைத்துவிட்டால், அதன்பின் அவர் அந்நியர் அல்லர்.

மன்னர் மொஷ்வேஷ்வே இறுதிவரை அவரிடம் நட்புப் பாராட்டினார். ஆயினும் திருமுழுக்குப் பெறாமலே 1870 மார்ச் 11ஆம் நாள் உயிர் நீத்தார். அதனால் அந்த நட்பு பொய்யாயிற்றா? ஜெரார் தம் பணியைக் குறைத்துக் கொண்டதாக வரலாறு கூறவில்லை. 1876இல் நாட்டின் வடபகுதியில் புனித மோனிக்கா மறைத்தளத்தைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். பிள்ளைக்காகக் கண்ணீரோடு காத்திருந்த தாயின் பெயரை அவர் தேர்ந்தது பொருத்தமே. பின்னர் ரோமாவுக்குத் திரும்பினார். முதுமையில் கண்பார்வை மங்கி, உடல் கூனிய நிலையிலும், குதிரையேறி நோயாளரைக் காணச் செல்வதை அவர் விடவில்லை. 1914ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், தம் 83ஆம் வயதில், அம்மக்களிடையே கண்மூடினார்.

அவரும் தம் காலத்தின் மனிதரே. இளைஞரின் சடங்குகளையும் முன்னோர் வழிபாட்டையும் அக்கால மறைபோதகர்கள் ஐயுற்று நோக்கினர். கத்தோலிக்கரும் பிரிவினை சபையாரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். மக்களினங்களின் பண்பாட்டில் உள்ள நன்மையைப் போற்ற வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக எடுத்துரைத்தது அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்தே. எனினும், சங்கம் ஏட்டில் எழுதியதன் ஒரு பகுதியை அவர் அம்மக்களின் குடிசை வாசலில் அமர்ந்து முன்னரே வாழ்ந்துவிட்டார் எனலாம்.

விதை மரமாயிற்று

ரோமாப் பள்ளத்தாக்கில் 1945இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தோன்றியது. இன்றைய லெசோத்தோ தேசியப் பல்கலைக்கழகம் அதிலிருந்தே வளர்ந்தது. 1966 அக்டோபர் 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. 2016இல் அம்மண்ணின் மைந்தரும், ஜெராரின் சபையினருமான ஆயர் செபஸ்தியான் கோரை, லெசோத்தோவின் முதற் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். 2021இல் இறைவனடி சேர்ந்தார். மொழி கற்க வந்தவரின் சபையில் இன்று அம்மொழிக்குரியோரே தந்தையர்.

1988 செப்டம்பர் 15ஆம் நாள் மசேரு நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஜெரார் அடிகளை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். முதல் நாள் புயல்மழையால் திருத்தந்தையின் விமானம் மசேருவில் இறங்க இயலாமல் ஜோகன்னஸ்பர்க் நகரில் இறங்கிற்று. அவர் தரைவழியே நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து சேர்ந்தார். மலைநாட்டுக்கு எளிதில் வந்துவிட முடியாது என்பதைத் திருத்தந்தையும் அன்று உணர்ந்திருப்பார்!

அன்பார்ந்த பெற்றோரே! நம் குடும்பங்களிலிருந்தும் ஆண்மக்களும் பெண்மக்களும் இன்று மறைபரப்பு நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் விடுமுறையில் வீடு வரும்போது, ‘எத்தனை பேரை மனந்திருப்பினாய்?’ என்று கேட்பதுண்டு. அதை விடுத்து, ‘அங்கே உனக்குச் சோறிட்டவர் யார்? அவர்கள் மொழியில் எப்படி வணக்கம் சொல்வாய்? யார் வீட்டுத் துக்கத்தில் அமர்ந்திருந்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். பலன் கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகளில் அவர்களைத் தாங்கி நிற்கப்போவது அக்கேள்விகளே. மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் காணிக்கையோடு இந்த அக்கறையையும் சேர்த்து இடுவோமாக.