மன்னர் மடியில் வளர்ந்த நாய்

நாய் வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. வாசலில் கட்டி வைத்து, வருகிறவர் போகிறவரை மிரட்டுவதற்காக வளர்ப்பவர்கள் ஒரு கட்சி. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்ப்பவர்கள் மற்றொரு கட்சி. இத்தாலியன் கிரேஹவுண்ட் என்னும் சின்னஞ்சிறு நாயினால் முதல் கட்சியாருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. திருடன் வந்தால் அது கம்பளிக்குள் இன்னும் சற்று ஆழமாகப் புகுந்து கொள்ளும். இரண்டாவது கட்சியாருக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் அந்த வரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கண்ணெதிரே அணில் ஒன்று ஓடாத வரையில்தான் மடி. ஓடினால் மடியும் இல்லை, எஜமானரும் இல்லை!

காரணம், அதன் குலம். மோப்பத்தைப் பின்பற்றாமல், கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்களின் வம்சம் அது. நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்தப் பெரிய வகுப்பைச் சேர்ந்தவைதாம். ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்ளடங்கிய வயிறு, நீண்ட கால்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் தோளுயரம் 32 முதல் 38 சென்டிமீட்டர். எடை 5 கிலோவுக்குள். பெரிய வேட்டை நாய் ஒன்றை யாரோ மந்திரம் போட்டுச் சுருக்கிவிட்டாற்போல் தோன்றும். முன்னங்காலை உயர்த்தி உயர்த்தி அது நடக்கும் அழகைக் கண்டால், பூமியைத் தொடுவதே தன் கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணுகிறதோ என்று சந்தேகம் உண்டாகும்.

பிரஷ்ய தேசத்து மன்னர் மகா பிரெடரிக்கைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். ஐரோப்பாவையே கலக்கிய அந்த யுத்த வீரர் மனிதர்களை அதிகம் நம்பியவரல்லர். அவருடைய நம்பிக்கையெல்லாம் இந்த நாய்களிடம்தான். 'பிஷ்' என்ற நாயைப் போர்க்களத்துக்கே அழைத்துச் சென்றார். 1745-ம் ஆண்டு ஸூர் என்னுமிடத்தில் நடந்த போரில் வெற்றி மன்னருக்கு. ஆனால் அவருடைய மூட்டை முடிச்சுகளோடு பிஷ்ஷும் ஆஸ்திரியர் கையில் சிக்கிவிட்டது. பிற்பாடு எதிரிகள் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1748-ல் மன்னரின் சகோதரி வில்ஹெல்மினாவின் நாய், பிஷ்ஷுக்கு ஒரு கடிதமே 'எழுதி'யது! இந்த நாய்கள் வண்டியில் போகும்போது எதிர் ஆசனத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வரும் சேவகன், அவற்றை 'நீ' என்று அழையாமல் 'நீங்கள்' என்றே அழைத்து வந்தான் என்றும் ஒரு கதை உண்டு. வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குக்கூட இதற்கு மேல் என்ன உபசாரம் செய்துவிட முடியும்?

1786-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி அதிகாலையில் மன்னர் இறந்தார். அதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர், பக்கத்தில் இருந்த நாய் நடுங்குவதைக் கவனித்து, அதற்குப் போர்வை போர்த்தும்படி கட்டளையிட்டாராம். தம்மை ஆடம்பரமின்றி, போட்ஸ்டாமில் உள்ள ஸான்ஸூஸி அரண்மனை மேடையில், தம் நாய்களின் அருகிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கான கல்லறையையும் 1744-லேயே கட்டி வைத்திருந்தார். ஆனால் பட்டத்துக்கு வந்த தம்பி மகனோ, அவரை நகரத்து மாதா கோயிலில், அவருடைய தந்தையின் பக்கத்தில் கிடத்திவிட்டான். இளமையில் அந்தத் தந்தையிடம் பட்ட கொடுமைக்குப் பயந்து ஓடிப்போக முயன்றவர் பிரெடரிக்! இரண்டாவது உலக யுத்தத்தின்போது சவப்பெட்டி உப்புச் சுரங்கம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டது. பிறகு ஊர் ஊராக அலைந்தது. கடைசியில் 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி இரவுதான், 205 வருஷங்கள் கழித்து, அவர் தம் நாய்களிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் போர்வை விஷயம் வெறும் ராஜ விநோதமன்று. இந்த நாயின் தோல் காகிதம் போன்றது. ரோமம் பட்டுப்போல் குட்டை. தோலுக்கடியில் கொழுப்பு என்பது பெயருக்குத்தான். குளிர் நாடுகளில் இதற்குச் சட்டை தைத்துப் போடுகிறார்கள். குளிர்சாதன அறையிலும் அது நடுங்கும். மழை பெய்தால் வாசற்படியைத் தாண்டாது. தாண்டாமல் எங்கே அசுத்தம் செய்யும் என்பதை வீட்டு அம்மாள்தான் அறிவாள். இந்தப் பழக்கத்தைத் திருத்தப் பல மாதங்கள் ஆகும். அடித்துத் திருத்தலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். உரக்க அதட்டினாலே மனமொடிந்து மூலையில் பதுங்கிவிடும் சுபாவம் அதற்கு.

விலா எலும்புகள் லேசாகத் தெரிவதைப் பார்த்து, "ஐயோ, பட்டினி போடுகிறார்களே!" என்று அண்டை வீட்டார் பரிதாபப்படுவார்கள். அவர்களுக்காக நாயைக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். மெலிந்த கால்கள் சுமப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

கால்கள் என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். முன்னங்கால் எலும்பு பென்சில் பருமன் இருந்தால் அதிகம். அதிலும் ஒன்றரை வயது வரையில் அபாயம் மிகுதி. ஸோபாவிலிருந்து குதித்தாலும் போதும், குழந்தையின் கையிலிருந்து நழுவினாலும் போதும், 'மளுக்'கென்று முறிந்துவிடும். சிறிய ஜாதி நாய்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே உள்ள அவ்விடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் வெறும் மாவுக்கட்டுப் போட்டால் எலும்பு பல சமயங்களில் சேருவதில்லை; ரண சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்த நேருகிறது. அதன் செலவு நாயின் விலையையே விழுங்கிவிடலாம். துள்ளி விளையாடும் நாலைந்து வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டார், குழந்தைகள் சற்றே வளரும் வரை பொறுத்திருப்பது நலம். இதை நாம் சொன்னால் குழந்தைகள் நம்மைச் சபிப்பார்கள், சபிக்கட்டும்.

ரண சிகிச்சைக்கு முன், இது வேட்டை நாய் வம்சம் என்பதை வைத்தியருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை. பழைய மயக்க மருந்துகளில் தயோபென்டால் போன்றவை இந்த வகுப்பு நாய்களின் உடலை விட்டு எளிதில் நீங்குவதில்லை; மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும். இப்போது அவற்றுக்குப் பதிலாக நல்ல மருந்துகள் இருக்கின்றன.

அடுத்தது பல். அந்த ஒடுங்கிய முகவாய்க்குள் மற்ற நாய்களைப் போலவே 42 பற்கள்! நெருக்கத்தில் அழுக்குச் சேர்ந்து, ஈறு அழுகி, இளம் வயதிலேயே பற்கள் உதிரத் தொடங்கும். குட்டியிலிருந்தே தினமும் மெல்லிய பிரஷ்ஷினால் விளக்கிப் பழக்க வேண்டும். பற்பசையும் நாய்களுக்கென்று செய்ததாகவே இருக்க வேண்டும், நம்முடையது உதவாது.

வெளியே அழைத்துப் போகையில் வார் இல்லாமல் ஒருபோதும் விடக் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. எதையாவது துரத்தத் தொடங்கிவிட்டால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது. மோட்டார் வண்டி வருவதும் கண்ணில் படாது. கழுத்தைவிடத் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை சுலபமாக நழுவிவிடும். இழுத்தால் இறுகும்படியான அகலமான பட்டை இதற்கென்றே விற்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதையோடு வளர்த்தால் பதினாலு, பதினைந்து வருஷங்கள் கூடவே இருக்கும். பகலெல்லாம் நிழல்போல் பின்தொடரும். இரவில் உங்கள் போர்வைக்குள் புகுந்து, முழங்காலின் மடிப்பில் சுருண்டு படுத்துக் கொள்ளும். போர்வையில் பெரும் பங்கு யாருக்கு என்பதை விடியற்காலையில் தெரிந்து கொள்ளலாம்.