ஆபரேஷன் முடிஞ்சாச்சு... சிஸ்டரிடம் இதைச் சொன்னீங்களா?

குடல்வால் வெடித்துவிட்டது, குடலில் அடைப்பு, இரைப்பையில் ஓட்டை... இப்படி நள்ளிரவில் ஓடிவந்து செய்துகொள்ளும் வயிற்று ஆபரேஷனில், நோயாளிக்கு எதையும் விளக்கமாகச் சொல்ல நேரம் இருக்காது. கண் விழிக்கும்போது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். ‘எனக்கு என்ன பண்ணாங்க?’ என்ற பயம்தான் முதலில் வரும். நல்ல நர்ஸிங் கவனிப்பு அதற்குப் பதில் சொல்வதில்தான் தொடங்குகிறது.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர் அளவு எல்லாம் எல்லா நோயாளிக்கும் பார்ப்பார்கள். ஆனால், கட்டிலில் படுத்திருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லக்கூடியவர், பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நீங்கள்தான்.

60 வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டால் மட்டும் ‘எப்பவாவது விசேஷத்துக்கு’ என்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சம்பந்தமில்லாமல் பேசுவார், குழாய்களைப் பிடுங்கப் பார்ப்பார். தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தும்போது இப்படி ஆகலாம். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துச் சமாளிக்க முடியும். இதில் மானம் பார்க்காதீர்கள். (பத்துப் பேர் நடுவில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் சிஸ்டருக்குத்தான் அது கிடைக்கும்.)

இதே மனிதர் வலியையும் வெளியே சொல்ல மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ‘பரவால்லம்மா’ என்பார். வலி அடங்காதவர் இரும மாட்டார், ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். சளி தேங்கி நிமோனியாவில் முடியலாம். அதனால் ‘வலிக்குதா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எங்கே, ஒருதரம் இருமுங்க’ என்று சொல்லிப் பார்ப்பது நல்லது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் மீது இழுப்பு குறையும். மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலரும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அதை உறிஞ்ச வேண்டும்.

‘அசையாதீங்க, தையல் பிரிஞ்சிடும்’ என்று உறவினர்கள் தடுப்பதும் வழக்கம். டாக்டர் அனுமதித்தால் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி உட்காரவைத்து, மெதுவாக நடக்க வைப்பார்கள். படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பழகியவரா? சொல்லுங்கள், வலி மருந்து நேரத்தையும் நடையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பார்கள். அவருடைய கண்ணாடியையும் எடுத்துக் கொடுங்கள், பாவம்.

‘காத்து பிரிஞ்சுதா?’ என்று விசாரித்துவிட்டு நீங்களாக இட்லி ஊட்ட வேண்டாம். எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சிலருக்கு மலம் வெளியேற வயிற்றிலேயே வழி வைத்து, பை மாட்டியிருப்பார்கள். அவசரத்தில் அதற்குத் தோதான இடம் பார்த்துக் குறிக்க நேரம் இருக்காது. வேட்டி கட்டும் இடத்திலேயே அமைந்துவிடலாம். ‘இனி வயலுக்குப் போக முடியுமா?’ என்று அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அதைப் பற்றிப் பேச வேண்டும். பையை வீட்டில் மாற்றப்போகிறவர் யாரோ, அவர் டிஸ்சார்ஜுக்கு முன்பே சிஸ்டர் எதிரில் தன் கையால் மாற்றிப் பழக வேண்டும்.

கிளம்பும்போது, எத்தனை நாள் மூட்டை தூக்கக் கூடாது, வீட்டில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ், வயிறு உப்பி வாந்தி, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல்... இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.