தறியிலிருந்து தியாகராய நகர் வரை

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சூழ்ந்துள்ள கடைகளில் ஒரு பட்டுச் சேலையை விரித்துக் காட்டச் சில நொடிகளே போதும். அச்சேலை அவ்விடம் வந்துசேர எத்தனை கைகள் உழைத்தன, அவற்றுள் எந்தக் கை இழப்புக்குப் பொறுப்பேற்றது என்னும் வினாக்கள் வாங்குவோர் உள்ளத்தில் எழுவதில்லை. வணிகத்தின் நேர்மையை அளக்கும் கோல் இரண்டாம் வினாவிலேயே அமைந்துள்ளது.

கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து காஞ்சிபுரத்தை அடைகின்றது. சரிகைக்குச் சூரத் பெயர்பெற்றது. பட்டு முறுக்கேற்றப்பட்டுச் சாயம் தோய்க்கப்பெற்று, பாவும் ஊடையுமாகித் தறியேறுகின்றது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் ‘கோர்வை’ முறைக்கு நெசவாளருடன் துணையாள் ஒருவரும் வேண்டும். 2005-06இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது.

நெய்த சேலை சந்தைக்குச் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று, கூட்டுறவுச் சங்கங்களும் 1935இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸும். மற்றொன்று, பட்டும் சரிகையும் தந்து நெய்விக்கும் தனியார் முதலாளிகள். இரண்டிலும் நூல் பொதுவாக நெசவாளருக்கு உரியதன்று. அவர் பெறுவது கூலியே. ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘இஜாரா’ என்னும். கடைக்காரர் வடிவம் குறித்து முதலாளியிடம் சொல்லிச் செய்விப்பது ‘இஸ்திஸ்னாஉ’ ஆகும்.

இடைக்கால அறிஞர் அபுல் ஃபள்ல் ஜஃபர் அத்திமிஷ்கீ, வணிகம் பற்றிய தம் நூலில் வணிகரை மூவகைப்படுத்தினார். சரக்கைச் சேமித்துக் காலம் பார்த்து விற்பவர் ‘கஸ்ஸான்’. ஊர் ஊராகக் கொண்டு செல்பவர் ‘ரக்காள்’. தாம் ஓரிடத்திலிருந்தே நம்பிக்கைக்குரிய முகவருக்குச் சரக்கனுப்புபவர் ‘முஜஹ்ஹிஸ்’. 1928இல் தியாகராய நகரில் தோன்றிய நல்லி போன்ற கடைகளை முதல் வகையுள் அடக்கலாம். திருமணக் காலத்தை எதிர்நோக்கிச் சரக்கை விலைகொடுத்து வாங்கி வைப்பவர், விலை சரிந்தாலும் நிறம் மங்கினாலும் இழப்பைத் தாமே ஏற்கிறார். ஆகவே ஆதாயமும் அவருக்கு உரியதாகிறது. இழப்புக்குப் பொறுப்பேற்பவருக்கே ஆதாயம் என்பது நபிமொழி வகுத்தளித்த விதியாகும்.

ஆயின், “விற்றபின் பணம், விற்காதது திரும்பும்” என்னும் ஏற்பாட்டில் சரக்கு வைக்கப்படுமாயின் நிலை மாறுகின்றது. அங்கே கடைக்காரர் வாங்கியவர் அல்லர். ‘வக்கீல்’, அதாவது முகவரே ஆவார். பொருள் அனுப்பியவருடையது, இழப்பும் ஆதாயமும் அவருக்கே உரியன. முகவருக்குரியது முன்கூட்டியே பேசி முடித்த கூலி மட்டுமே. முகவரின் பாதுகாப்பையும் உடைமையாளரின் ஆதாயத்தையும் ஒருவரே எடுத்துக்கொண்டால், இழப்பு வந்த வழியே திரும்பிச் செல்லும். கடையிலிருந்து முதலாளிக்கும், அவரிடமிருந்து நிலுவைக் கூலியாக நெசவாளருக்கும் அது இறங்கிவிடும். ஆதாயத்தில் பங்கற்றவர் இழப்பில் மட்டும் பங்காளியாவார்.

எனவே கடைக்காரர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: “நான் வாங்கியவனா, முகவனா?” எப்பெயரை ஏற்கிறாரோ அப்பெயருக்குரிய சுமையையும் அவர் ஏற்றாக வேண்டும்.